அமாவாசையன்று காது கேளாத போன்

இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில், ஊரப்பாக்கத்தில் ஒரு மளிகைக்கடை மாடியில் உட்கார்ந்து உலகத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். செல்போன் கேமராவை மாமல்லபுரத்துச் சிற்பத்துக்கு நேரே பிடித்தால், திரையில் அதன்மேல் கதையும் பழைய வண்ணங்களும் வந்து விழ வேண்டும். யானை கண்ணெதிரே நிற்கும்போது அதைப் போனில் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எங்கள் கம்பெனியில் யாருக்கும் அறிவு இருக்கவில்லை.

சிக்கல் ஒன்றுதான். தான் எங்கே நிற்கிறோம் என்பது போனுக்குத் தெரியாது. சாட்டிலைட்டை நம்பினால் சிங்கத்தின் பிடரி இளநீர் வண்டிமேல் முளைக்கும். அதற்கு மருந்து கண்டுபிடித்த மேதை நான். இடத்துக்கு இடம் சத்தம் மாறுகிறது, போன் மைக்கில் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும் என்றேன். சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தம் கேட்டால் யானைப் பாறை. தண்ணீரும் காற்றும் மட்டும் கேட்டால் முட்டுக்காடு படகுத்துறை. வெயிலில் அலைந்து எல்லாவற்றையும் பதிவு செய்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. மூன்று முறை நீட்டிய என் புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாவதும், மூட்டை கட்டுவதும் இதை நம்பித்தான் இருந்தது.

வாங்க வந்தவர் ஒரு ரிசார்ட் உரிமையாளர். அவருக்குக் காட்ட எங்கள் முதலாளி காலண்டரைப் புரட்டி அமாவாசையைக் குறித்தார். நிறைந்த நாளாம். அன்றைக்குச் சிற்பிகள் உளியைத் தொடமாட்டார்கள் என்பது அத்தனை படித்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ரிசார்ட்காரரோடு யானைப் பாறைக்குப் போய் நின்றால் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. காற்றும் அலையும் மட்டும் கேட்டன. போனைத் தூக்கினேன். கல் யானையின் நெற்றியில் ‘படகுச் சவாரி டிக்கெட் இங்கே’ என்று எழுதி வந்தது. முதலாளி முறைத்தார். போனை அவர் கையில் திணித்தேன்.

பக்கத்தில் ஒரு பட்டறை வாசலில் சிற்பி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன்.

“அண்ணாத்த, ரெண்டு நிமிசம் கல்லு தட்டேன். இல்லாட்டி என் வேலை பூடும்.”

“அமாவாசைல நாங்க தட்டமாட்டோம்பா. தோ, கம்பி கீது. நீயே தட்டிக்கோ.”

டை கட்டிய கோலத்தில் குத்துக்காலிட்டு உடைந்த கல் ஒன்றைத் தட்டினேன். திரையில் டிக்கெட் மறைந்து யானைக்கு வண்ணம் ஏறியது. ரிசார்ட்காரர் முகம் மலர்ந்தது. கை வலித்து நிறுத்தினேன், யானை மறுபடி டிக்கெட் விற்கத் தொடங்கியது. திரும்பத் தட்டினேன். சிற்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயைக் குடித்தார். எனக்கு அவமானத்தில் காது சூடானது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் ரிசார்ட்காரர். “பட்டறை லீவு விட்டா இன்னா பண்ணுவீங்க?”

எங்கள் முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கம்பியும் கையுமாக இருந்த என்னைக் காட்டினார்.

“அதுக்குத்தான் சார், இவர இன்னியிலேர்ந்து பர்மனென்ட் பண்ணிட்டோம்.”