பாதாம் தின்றும் மாறாத நிறம்

சென்ற ஆண்டு இதே மாதத்தில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த என் தங்கைக்காகப் பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அண்ணன் எழுதுவது.

தங்கை பிறந்தது இராயபுரம் கடலோரக் குடிசையில். கட்டுமரத்தில் போன நைனா திரும்பவில்லை. அம்மாவும் சீக்கிரம் போய்விட்டார்கள். இரண்டாம் வகுப்போடு நின்ற நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கி அவளை வளர்த்தேன். இன்று திருவொற்றியூரில் என் பேரில் லாரிகள் ஓடுகின்றன. யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சம் வேறு இடத்தில்.

தங்கை நல்ல கறுப்பு. ஒல்லி உடம்பு, மீன் கழுவிக் கழுவி வெடித்த கைகள். இரயில் எஞ்சினில் கரி போடும் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தார்கள். அவருடைய தாயார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன். "கல்யாணத்துக்குள்ள வெளுத்துடுவா. பாதாமா வாங்கிப் போடுறேன். நான் சொன்னா சொன்னதுதான்!"

அன்று முதல் பாதாமை ஊறவைத்து, தோலுரித்து, எதிரில் நின்று தின்ன வைத்தேன். "அண்ணாத்த, இது வயித்துக்குத்தான் போவுது, மூஞ்சிக்கு வரல" என்று சிரிப்பாள்.

கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கும் முன் அவர்கள் மறுபடி வந்தார்கள். கை வெடிப்பு ஆறியிருந்தது. கன்னம் பூசினாற்போல் இருந்தது, தோலில் மினுமினுப்பு. நிறம் மட்டும் அப்படியே.

"இன்னாப்பா, வெளுத்துடுவான்னு சொன்னியே, எங்க?" என்றார் தாயார்.

தெருவே வாசலில் நின்றது. சந்தையில் சரக்கை விற்பதுபோல் தங்கையை விலை பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவளே முன்னால் வந்தாள். "அத்தை, இது எங்க நைனா நெறம். மாறாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

மாப்பிள்ளை எழுந்தார். "நான் கரில பொரள்றவன். குளிச்சாதான் நானே இன்னா கலருன்னு எனக்கே தெரியும். ஓலை வாசிக்கச் சொல்லும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பாதாமை விட்டுவிட்டாள். சாயங்காலமானால் அவள் வீட்டில் அதற்குப் பதில் வேர்க்கடலை வேகும். அழகுக்கு வழி கேட்டு வரும் பெண்களிடம் சொல்வாள்: "கடலை தின்னா வெளுக்கவெல்லாம் வெளுக்காது. தோலு வறண்டு வெடிக்காது, ஒடம்புல தெம்பு கீது, பசங்க பசில சுருண்டுக்காது. அது போதாதா? அதுவும் ஒரு கைதான். அள்ளித் தின்னா வயிறு பேஜாரு." அவளுடைய பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனது. கடலை தின்றால் எந்த நோயும் வராது என்று நான் இனி வாய் விட மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், வந்து ஜெபித்த பங்குச் சாமியாருக்கும், அவளைக் கண்கலங்காமல் வைத்திருந்த மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலருக்குப் படம் கொடுக்கும்போதும் ஸ்டுடியோக்காரரிடம் வாய் முந்திக்கொண்டது. "மூஞ்சிய கொஞ்சம் எடுப்பா பண்ணுப்பா" என்றேன். வெளுப்பாக்கிக் கொடுத்தார். மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு மச்சான்?"

கேலி இல்லை. அவளைத் தேடினார். வெட்கத்தோடு திரும்பிப் போய், கை வைக்காத படத்தையே கேட்டு வாங்கி வந்தேன். அட்டையில் இருப்பவள் என் தங்கை.

அண்ணன்