அண்ணனுக்காக உட்கார்ந்த உச்சிப்பொழுது

அண்ணன் தூங்கி நான் பார்க்கவே இல்லை. வத்தல்மலையிலிருந்து பாதி வழி இறங்கியிருந்தபோது இது எனக்குச் சட்டென்று உறைத்தது. எண்பத்தாறாம் வருஷம், வைகாசி மாதம். அப்படியே பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

துயிலப்பன் சாமியின் மடியை நம்பி வந்தவர்களே, அதற்கு முன் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் தை மாதம், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றை, ஒரு வெடிக்காரரை வைத்து ஆழப்படுத்தினோம். நான் பி.எஸ்.சி. முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியாத ஆள். "நானும் வர்றேன்" என்று அண்ணன் பெரியசாமியோடு உள்ளே இறங்கினேன். காலை பதினோரு மணி இருக்கும். வெடியில் இளகியிருந்த ஒரு பக்கத்துக் கரை சரிந்தது. இடுப்புவரை மண். முதுகுக்குப் பின்னால் பாறை, மார்புக்கு முன்னால் ஒரு பெரிய கல். இடுக்கில் நாங்கள் இருவரும். கையைத் தூக்க இடமில்லை. பலமாக மூச்சு இழுத்தால் மேலிருந்து மண் உதிரும். அதனால் மூச்சைக்கூடச் சிக்கனமாகத்தான் விட்டோம். பொழுது சாயும்போதுதான் எங்களைத் தோண்டி எடுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. தப்பிவிட்டார்கள் என்றது ஊர்.

நான் தப்பவில்லை. கண்ணை மூடினால் போதும், அந்தக் கல் மார்பில் வந்து உட்காரும். கதவைச் சாத்தினால் வேர்த்துக்கொட்டும். ஓர் இன்டர்வியூவுக்குப் போய், அறைக்கு ஜன்னல் இல்லை என்று வாசலோடு திரும்பிவிட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது உடம்பை மட்டும்தான் கட்டிப்போட்டது. உள்ளே நான் முழித்தபடி கிடந்தேன். அது இன்னும் கொடுமை. என்னை வெளியே எடுக்கவே இல்லையோ, நடப்பதெல்லாம் கிணற்றுக்குள் இருந்தபடி நான் நினைப்பதோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. புத்தி கலங்கிவிடும் என்று பயந்தேன்.

வத்தல்மலையிலிருந்து கேழ்வரகு விற்க வந்தவர்கள்தான், அங்கே நம் அப்பன் படுத்திருக்கும் கல்லைப் பற்றிச் சொன்னார்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடவுள்கள் உலகத்தைப் பங்கு போட்டபோது ஒருவர் மழையை எடுத்தார், ஒருவர் நெருப்பை எடுத்தார். கடைசியில் மனுஷனின் களைப்பு மட்டும் மீந்தது. யாரும் தொடவில்லை. துயிலப்பன் அதை மடியில் வாங்கிக்கொண்டு படுத்தார். வாங்கிய களைப்புக்கு ஈடாகக் கனவைத் தருகிறார்.

அவர் சந்நிதியின் முறையும் சொன்னார்கள். களைப்பு தலைச்சுமை மாதிரி. சுமக்கிறவர் தானே இறக்க முடியாது, இன்னொரு கை வேண்டும். ஆகவே ஒருவருக்காக இன்னொருவர்தான் கேட்க வேண்டும். சுமக்கிறவர் தலையில் சும்மாடாகச் சுற்றும் துண்டைக் கல்லடியில் தலையணையாக வைத்து, உச்சிப்பொழுதில் அவரைப் படுக்க வைக்க வேண்டும். அவர் எழும்வரை கேட்டவர் கண் விழித்துக் காவல் இருக்க வேண்டும்.

எனக்குப் படித்த திமிர். யார் கேட்டால் என்ன, கேட்பது தூக்கம்தானே? தனியாக மலை ஏறி, என் துண்டை நானே சுருட்டி நானே படுத்தேன். இரண்டு தடவை. கல் வந்து மார்பில் உட்கார்ந்ததுதான் மிச்சம். இரண்டாம் தடவை, பூசை செய்யும் மாதம்மா அக்கா சிரித்தேவிட்டார்.

"ஏந்தம்பி, தஞ்சுமைய தானே இறக்கறதுக்குக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?"

"ஆமாங்க. பிராக்டிகல் மட்டும் பாக்கி" என்றேன் வீம்பாக.

எனக்காகக் கேட்க அண்ணனைக் கூட்டி வரலாம் என்று எண்ணியபடி இறங்கும்போதுதான் அது உறைத்தது. நான் முழித்துக் கிடந்த நேரமெல்லாம் அண்ணன் எங்கே இருந்தான்? மாட்டுக்குத் தீனி என்று வெளியே. தண்ணீர் கட்ட என்று வெளியே. இருவரும் ஒரே இடுக்கில்தானே கிடந்தோம்!

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "அண்ணா, நீ தூங்கறியா?"

"நல்லாத்தான் தூங்கறேன். உன்னாட்டம் சீமான் வூட்டுப் புள்ளையா நானு?"

"எப்போ?"

மாட்டுக் கயிற்றை முளையில் கட்டினான். கட்டிய முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டினான். "படுத்தா, மண்ணுக்குள்ள இருந்து நீ கூப்புடறது கேக்குதுடா" என்றான்.

அடுத்த வாரமே மலை ஏறினோம். அவன் துண்டை நான் கல்லடியில் வைத்தேன். படுத்தான். "காவல்காரரே, தூங்கிப் போயிடாதீங்க" என்று கிண்டல் வேறு.

"நாலு மாசமா தூங்காத ஆளுகிட்ட சொல்ற பேச்சா இது?"

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிணற்றுக்குள்ளும் அப்படித்தான் பிடித்திருந்தான். "அப்பனே, என் பாட்டை விடு. இவன் களைப்பை வாங்கிக்கோ" என்று கேட்டேன். மனசாரக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. வாய் பிளந்தது. குறட்டை வந்தது. எனக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று தெரியாது. கண் விழித்தபோது மர நிழல் அந்தப் பக்கம் போயிருந்தது. அண்ணன் உட்கார்ந்து எனக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். என் துண்டு சுருட்டி என் தலைக்கடியில் இருந்தது.

"காவலுக்கு வந்த லட்சணத்தைப் பாரு" என்றான்.

பதறி ஓடினேன். "அக்கா, முறை தப்பிட்டேங்க. தூங்கிட்டேங்க!"

"நீ சாஞ்சதும் நான் பாத்துக்கிட்டேன். உங்கண்ணன் எழுந்ததும் எங்கிட்ட சொல்லிட்டு உனக்காக உக்காந்தாரு. காவல் காலியா ஒண்ணும் இல்லியே. போயி மூஞ்சி கழுவு" என்றார் மாதம்மா அக்கா.

அந்தத் தூக்கத்தின் கனவில் யாரோ அந்தக் கல்லை என் மார்பிலிருந்து புரட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை.

இப்போது ஐப்பசி, ஐந்து மாதம் ஆகிறது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் இல்லாத அறை இன்னும் எனக்கு ஆகாது. ஆனால் தூங்குகிறேன். அண்ணனும் தூங்குகிறான். அப்பனுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. உங்களில் யார் முழித்துக் கிடந்தாலும், முதலில் உங்கள் வீட்டில் இன்னும் யார் முழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவருக்காகக் கேளுங்கள். நம்பி உட்காருங்கள்.

எனக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் கிணற்றில் வெடி வைத்தவர் அரூர்க்காரர். கரை சரிந்ததிலிருந்து தொழிலுக்கே போவதில்லையாம், ஆள் பாதியாகிவிட்டாராம். அவர் பேச்சை எடுத்தாலே அம்மா கோபத்தில் எழுந்து போய்விடுவார். அண்ணனும் "இப்ப வேணாம்டா" என்கிறான். வெள்ளிக்கிழமை அரூருக்குப் போகிறேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாலும் சாத்துவார். வெளியே நின்றாவது கேட்கப் போகிறேன்: "உங்க துண்டைக் குடுங்கண்ணா. நான் உக்காந்துக்கறேன்."