அப்பா நெற்றியில் எழுதிய மணி

கருவடிக்குப்பத்து மாடிவீட்டைக் காலி செய்த அன்று நான் ஐந்தாம் வகுப்பு. அட்டைப்பெட்டிகள்மேல் மார்க்கரால் 'சமையல்', 'துணி' என்று எழுதுவது என் உத்தியோகம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து மருத்துவ உதவியாளராக இருந்த சித்தப்பா, லீவில் வந்த பாவத்துக்குச் சாமான் சுமந்துகொண்டிருந்தார்.

நிலைக்கண்ணாடியை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிவந்த அப்பா, படியில் சறுக்கினார். உடைந்த கண்ணாடி முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. ரத்தம் பீறிட்டது. அம்மா புடவையால் அழுத்தியும் நிற்கவில்லை. சித்தப்பா ஓடிவந்து, துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்குள் கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினார். அதுவரை பல்லைக் கடித்திருந்த அப்பா அலறினார்.

"விட்டுடுங்க தம்பி, அவரால வலி தாங்க முடியல."

"வலிக்கட்டும் அண்ணி. உசுரு நிக்கணும்."

ரத்தம் நின்றது. உடனே சித்தப்பா என் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து அப்பா நெற்றியில் மணியை எழுதினார். அப்பாவையும் பெட்டிகளோடு சேர்த்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

வாசலில் நின்ற குட்டியானை வண்டியிலிருந்து பீரோவை இறக்கிவிட்டு, கட்டில் பலகையோடு அப்பாவை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்க்கும் முன் நெற்றியைத்தான் பார்த்தார். அங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனதும் சித்தப்பாவைக் குடைந்தேன்.

"கட்டு ரொம்ப நேரம் இருந்தா காலு செத்துடும் பாப்பா. எப்பக் கட்டுனதுன்னு டாக்டருக்குத் தெரியணும். சண்டையில கட்டுனவன் அடிபட்டவன் கூடவே போவ முடியாது. அதான் நெத்தியில எழுதுறது."

ஆம்புலன்ஸே போர்க்களத்துக்காக வந்ததுதானாம். முன்பெல்லாம் சண்டை ஓய்ந்த பிறகுதான் அடிபட்டவர்களைத் தூக்குவார்களாம். அதற்குள் பலர் போய்விடுவார்களாம். அப்புறம்தான் குதிரை வண்டி, மோட்டார், ஹெலிகாப்டர் எல்லாம்.

"இதெல்லாம் யாரு கண்டுபுடிச்சா?"

"யாரும் உக்காந்து கண்டுபுடிக்கல. ஒவ்வொருத்தனா செத்து, அதுல கத்துக்கிட்டது."

அப்பாவின் கால் தப்பியது என்று நர்ஸ் வந்து சொன்னார். அம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ கேள்வி தீரவில்லை.

"இதுமாதிரி எத்தினி பேரு நெத்தியில எழுதியிருக்கீங்க?"

"நெறைய. ஒருத்தனுக்குப் பாதிதான் எழுதுனேன்."

"ஏன், பேனாவுல மை தீந்துடுச்சா?"

சித்தப்பா சட்டைப்பையிலிருந்த மார்க்கரை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஆமாம்" என்றார்.

அவ்வளவு பெரிய ராணுவம், ஒரு நல்ல பேனாகூடக் கொடுக்காதா என்று அன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.