மாதம்மாளின் குளவிக் காவல்

வெள்ளக்கடை எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் மாதம்மாளுக்குக் குளவி என்றாலே ஆகாது. அவள் வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் தேனீப் பெட்டியின் வாசலில் வட்டமிட்டு, வருகிற தேனீயை எல்லாம் கவ்விக்கொண்டு போகும் திருட்டுச் சனியன்கள். லீவு நாள் முழுக்கக் கொசு பேட்டோடு பெட்டியருகே நிற்பாள்.

மகள் கீர்த்தனாவைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்தவர்களிடமும் காப்பிக்குப் பதில் ஆளுக்கொரு பேட்டை நீட்டினாள். "குளவி வர்ற நேரமுங்க. மொதல்ல இதைப் பாத்துட்டு, அப்புறம் பொண்ணைப் பாக்கலாமுங்க."

குளவிகள் வந்ததுமே மாப்பிள்ளை அலறிக்கொண்டு காருக்குள் புகுந்து கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவனுடைய அம்மாவோ பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குளவிகளைப் படபடவென்று அடித்துத் தள்ளினார்.

அவர்கள் போனதும் கீர்த்தனா சிடுசிடுத்தாள். "அந்தப் பயந்தாங்கொள்ளி எனக்கு வேண்டாம்மா."

"அவன் கெடக்கறான் உடு கண்ணு. அந்தச் சம்பந்தியம்மாவ நான் உடமாட்டேன்."