மியூசியத்தில் பெண் பார்த்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனது. நடுவில் ஏதாவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, பாபநாசத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. கோயிலில் வைத்துப் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும். அமையாமல் போனால் பெண்ணுக்குப் பேச்சு வரும். தஞ்சாவூர் மியூசியம் என்றால் நம் ஜனங்கள் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள், சாமிகளும் வேண்டிய மட்டும் உண்டு என்று அப்பா முடிவு செய்தார். அத்தைக்கு இஷ்டமில்லை. அவ்வளவு பெரிய குடும்பத்தில் போய் மாவரைத்தே சாகமாட்டேன் என்று முதல் நாளெல்லாம் அழுதாள். யார் கேட்டார்கள்?

வெண்கலச் சிலைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுச் சுற்றினோம். மாப்பிள்ளை நடராஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தரையையே பார்த்தாள். அடுத்த அறையில் பழைய வீட்டுச் சாமான்கள். அங்கே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பரீட்சை வைக்கத் தொடங்கினார். ஒரு கல் திருகையைக் காட்டி, "இது என்னன்னு தெரியுதாம்மா?" என்றார்.

காலையில்தான் அத்தை எங்கள் வீட்டுத் திருகையில் உளுந்து உடைத்துவிட்டு வந்திருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"சாமி நிக்கிற பீடமாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா தொண்டையைக் கனைத்தார். அந்த அம்மாள் முகம் சுண்டி மகனிடம் திரும்பி, பக்கத்தில் இருந்த நெல் அளக்கும் மரக்காலைக் காட்டி, நீயாவது சொல்லிக்கொடு என்றார். வருஷா வருஷம் களத்தில் நின்று நெல் அளப்பவர் மாப்பிள்ளைதான் என்று தரகர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அவர் அத்தையை ஒரு தடவை பார்த்தார். "அந்தச் சாமியோட கிரீடமா இருக்கும்மா."

அப்போதுதான் அத்தை நிமிர்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அமுக்கியும் சிரிப்பு பீறிட்டது. மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. "நல்லா சேர்ந்தீங்க ரெண்டு பேரும்" என்று அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பயத்தில் அத்தைக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அவள் காதில், அது திருகை அத்தை, உளுந்து உடைக்கிறது, என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் காதில் வாங்காமல், ஜன்னல் வழியே வயலைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். ஐயம்பேட்டை தாண்டியதும் முன் சீட்டில் இருந்த அப்பாவிடம் மெதுவாக, "சரின்னு சொல்லிடுங்கண்ணே" என்றாள்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இவளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, அவருக்கோ மரக்காலே தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த வீட்டில் பட்டினி கிடக்கப் போகிறார்களே, பெரியவர்கள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையே என்று அழுது தீர்த்தேன்.

சிலைகளும் சாமான்களும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தனவா என்பது எனக்கு நிச்சயமில்லை. அங்கே போகிறவர்கள் யாராவது பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.