வெடிக்காத துவக்கு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதை யாரையும் மறக்க விட்டதில்லை. நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த பிரெஞ்சு பேசும் நகரத்தின் டவுன்டவுனில், அப்பா சமைத்த உணவகத்தில் பின்னேரங்களில் மரக்கறி வெட்டுவேன். அங்கே கோப்பை கழுவியவர் ஒரு நேபாளி. இரண்டு வருடம் எங்கள் ஆட்களோடு நின்று யாழ்ப்பாணத் தமிழ் பழகியிருந்தார்.

"பிள்ளை, இவரின்ரை கேஸை நீ எழுது. வக்கீலைவிட வடிவா எழுதுவாய்," என்றார் அப்பா.

கேஸ் என்றால், நாட்டில் நடந்ததை அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பது. நிராகரித்தால் திருப்பி அனுப்புவார்கள். இவருக்கு அங்கே பொலிஸ் காத்திருந்தது. இவருடைய மலைக்கிராமத்தில் பதினொரு கம்யூனிஸ்டுகள் அரசருக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள். ஒருவன் இவருடைய தம்பி. அவர்களுக்கு இவர் விரும்பித்தான் சோறு போட்டார். பொலிஸ் தம்பியைச் சுட்டுவிட்டு இவரைத் தேடியது.

"விரும்பிக் குடுத்தனெண்டு எழுதினால் நீங்களும் இயக்கமெண்டுவாங்கள்," என்றேன்.

எங்கள் ஆட்களின் கேஸ்களில் ஆயுதம் தூக்கிய இயக்கம் துவக்கோடு வந்து, சுடுவோமென்று வெருட்டித்தான் சாப்பாடு வாங்கும். அப்பாவின் கேஸிலும் அப்படித்தான். அதே வசனங்களை நல்ல பிரெஞ்சில் இறக்கினேன். இருபது பேர், இருபது துவக்கு. தம்பியைக் கதையிலிருந்து வெட்டினேன்.

"தம்பி இல்லையோ, தங்கச்சி?"

"தம்பி இருந்தால் சரிவராது. பாடமாக்குங்கோ."

கோப்பை கழுவியபடியே பாடமாக்கினார். "எத்தனை துவக்கு?" என்று அடுப்படியிலிருந்து யாராவது கத்துவார்கள். "இருபது, அண்ணை!" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

விசாரணையிலும் அதையே கேட்டார்கள். ஒன்றுதான், அதுவும் வெடிக்காது, தம்பிதான் தூக்கிக்கொண்டு திரிவான் என்று சொல்லி அழுதாராம்.

முடிவுக் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார். நிராகரிப்பு. செத்துப்போன தம்பியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லாததால் இவரை நம்ப முடியாது என்று காரணம் இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் சொன்னேன்.

"பாடமாக்கினதை மறந்துபோனியள். அதுதான்," என்றேன்.

"ஓம், தங்கச்சி. என்ரை பிழை. நீங்கள் வடிவாத்தான் எழுதினனீங்கள்."

அடுப்படியிலிருந்து யாரோ, "எத்தனை துவக்கு?" என்று கத்தினார்கள். அவர் கையை உதறிவிட்டு நீட்டினார். கடிதத்தை மடித்து அவருடைய ஈரக் கையில் கொடுத்தேன். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது.