வண்டி எண் இல்லாத பதிவு

காலண்டரக்கா என்றால்தான் அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். நடக்க முடியாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்த் திரும்ப வீட்டில் விடுகிற சின்னச் சங்கம் அது. மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு வேன், இரண்டு டிரைவர், கைத்தாங்கலாக ஏற்றி இறக்க நாலு பேர், ஒரு செயலாளர். இத்தனை பேரையும் கட்டி மேய்க்கிற வேலை அவளுடையது.

முன்பு எல்லாம் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில்தான் எழுதினார்கள். யாராவது சாய்ந்து நின்றால் சட்டை முதுகில் இரண்டு நோயாளிகள் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போனில் காலண்டர் வைத்துக்கொண்டால் எல்லோரும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று சொன்னவளே காலண்டரக்காதான். செயலாளருக்கும் பிடித்துப்போனது, ஆளுக்கு ஒரு கணக்கு என்றால் மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும் என்று தெரியும் வரை.

"அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதும்மா. உங்க கணக்குலயே எல்லாரும் உள்ள வந்துட்டாப் போச்சு" என்றார்.

அப்படியே ஆயிற்று. அவளுடைய சொந்தக் கணக்கு, எட்டுப் போன்களில். பாஸ்வேர்டை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். யார் எழுதினாலும் அவள் எழுதியது, யார் அழித்தாலும் அவள் அழித்தது. இது வம்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். உண்மையைச் சொன்னால், ஊரே தன் கணக்கில் ஓடுகிறது என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

அவள் போட்ட சட்டம் இரண்டு. காலண்டரில் ஏற்றியவுடன் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம். இன்னொன்று, உன் மண்டையை நம்பாதே, காலண்டரை நம்பு. இதை மற்ற ஏழு பேர் காதிலும் ஓதி ஓதி அவர்களைக் கொன்றெடுத்திருந்தாள்.

செயலாளருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடுத்த வாரத்தை மேய்வார். வண்டி எண் இல்லாத பதிவு கண்ணில் பட்டால், வண்டி சும்மா நிற்கிற நாளுக்கு அதை விரலால் இழுத்துப் போட்டு, எண்ணையும் சேர்த்துவிடுவார். மாற்றிய நோயாளிகளின் பெயர்களை அவளுக்குச் செய்தியில் அனுப்புவார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் புதுத் தேதி வாங்குவது அவள் தலைவலி.

இந்த நிலையில்தான் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் முகத்தைச் சுளிக்காமல் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி என்று சீட்டுக் கொடுத்தார்கள். வாசலிலேயே நின்று போனில் ஏற்றினாள். எட்டுப் பேர் பார்க்கிற இடத்தில் என்னவென்று எழுதுவது? தன் பேரைப் போடக் கூச்சமாக இருந்தது. "ஸ்கேன், 10 மணி" என்று மட்டும் போட்டாள். பஸ்ஸில் போகப்போகிறவள், வண்டி எண் எதற்கு? சீட்டைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சட்டம் என்றால் சட்டம்.

அந்த வாரம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் புருஷன் கேட்டார், "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அவள் போனைப் பார்த்தாள். "நாளைக்கு இல்லங்க. வியாழக்கிழமை."

"செவ்வாய்னுதானே சொன்ன?"

அவளுக்கும் செவ்வாய் என்றுதான் ஞாபகம். ஆனால் நாற்பது நோயாளிகளின் தேதி புழங்குகிற மண்டை அது. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "காலண்டர்ல வியாழன்னு இருக்கு" என்றாள். அவர் மறுபடி மிஷினை மிதித்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் தேதி போய்விட்டது, செவ்வாயன்று பேர் சொல்லிக் கூப்பிட்டோம், ஆள் வரவில்லை என்றாள். அந்தக் குரலைக் காலண்டரக்காவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நோயாளிகளுக்காக அவளிடம் போனில் சிரித்துப் பேசித் தேதி வாங்கியிருக்கிறாள். முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தான் யார் என்று சொன்னாள். குமாஸ்தாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் வராதவர்களுக்கு வரிசையில் கடைசி இடம், அடுத்த தேதி மூன்றரை மாதம் கழித்து. இதே விதியை இதைவிடக் கறாராக அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அப்போது பார்த்து இரண்டாம் வண்டி டிரைவர் கூப்பிட்டான். பத்து மணி ஸ்கேனுக்கு யாரை ஏற்ற வேண்டும், அட்ரஸே போடவில்லையே, அரைமணி நேரமாக ஆபீஸ் தெருமுனையில் நிற்கிறேன் என்று குறைபட்டான். அவள் காலண்டரைத் திறந்து பதிவைப் பார்த்தாள். அவள் எழுதியதற்குப் பக்கத்தில் "வண்டி 2" என்று இருந்தது; திங்கட்கிழமை கிழமையை மட்டும் பார்த்தவள் இதைக் கவனிக்கவில்லை. யார் விரல் என்று அப்போதே புரிந்துவிட்டது. பேர் போடாத பதிவு, அதனால் வெள்ளிக்கிழமைப் பட்டியலிலும் பேர் வரவில்லை.

மறுநாள் செயலாளர் மேஜைக்கு முன் நின்றாள். அவர் தன் போனைத் துழாவிவிட்டு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, உங்க பேர்லதானே மாத்தியிருக்கு?"

"எல்லாமே என் பேர்லதான் சார் மாறும்."

"பேஷண்ட்டுன்னு நெனச்சு நல்லதுக்குத்தான் யாராச்சும் மாத்தியிருப்பாங்க. பேரைப் போட்டிருந்தா இந்தக் குழப்பமே இல்ல பாருங்க."

யாராச்சும். அந்த ஒரு சொல்லால் கை கழுவிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாத மனுஷன். அவளுக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. புரட்டவில்லை. ஒன்பதரைக்கு டயாலிசிஸ் வண்டி கிளம்ப வேண்டியிருந்தது.

மூன்றரை மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்னமே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மார்பையே எடுக்க வேண்டும், அக்குள் வரை போய்விட்டது, பிறகு மருந்தும் நிறைய ஏற்ற வேண்டும் என்றார். பஸ்ஸில் புருஷன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "செவ்வாய்னுதான் சொன்ன" என்றார், ஒரே ஒரு தடவை. அவளுக்கு அழுகையாக வந்தது. அவர்மேல் கோபமாகவும் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தபடியே மருந்து ஏற்றும் நாட்களைக் காலண்டரில் போட்டாள். பன்னிரண்டு தேதி. இந்தத் தடவை முதலில் எழுதியது வண்டி எண்ணை. சீட்டைக் கிழிக்கவில்லை, புருஷனிடம் கொடுத்தாள், அவர் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாம் வண்டி டிரைவர் கூப்பிட்டான்.

"அக்கா, உடம்பு தேவலையா? லீவுலயும் வேலையா? புது பேஷண்ட் ஒண்ணு ஏத்தியிருக்கீங்க, பேரும் இல்ல அட்ரஸும் இல்ல. போன தடவை மாதிரி என்னைத் தெருவுல நிக்க வைக்காதீங்க."

"எழுதிக்கோ" என்று கதவு எண்ணையும் தெருவையும் சொன்னாள்.

அவன் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தான். "அக்கா, இது உங்க வீடாச்சே."

"ஆமா. மாடிப்படி குறுகல், வீல்சேர் திரும்பாது. கைத்தாங்கலாத்தான் இறக்கணும். அதையும் எழுதிக்கோ."